சவ்வைக் கடந்ததா?

ஜூன் 12

ஸ்ஃபாக்ஸ் நகர வெயில் மண்டையைப் பிளக்கிறது. மத்தியானம் கரண்ட் போய்விடும் என்று காலையிலேயே எல்லாரும், புரதங்களைக் கனவாரியாகப் பிரித்துக் காட்டுகிற ஜெல் ஓட்டும் மேசையில் முட்டி மோதிக்கொண்டோம். ஷிராஸ் முந்திக்கொண்டாள். "நீ ஆடி அசைஞ்சு வந்தா நான் என்னடி பண்றது?" என்று வேறு கேட்கிறாள். ஒரே ஆய்வகத்தில் நாலு வருஷமாக இவளைச் சகித்துக்கொண்டிருக்கிறேன். அவளும் அப்படித்தான் சொல்வாள்.

என் பாக்டீரியா புரதத்தை வண்டி வண்டியாகச் செய்கிறது. சவ்வுக்கு அந்தப் பக்கம் மட்டும் அனுப்ப மாட்டேன் என்கிறது. சனியன்.

ஜூன் 14

அம்மா எங்கள் ஊர் கஃப்ஸாவிலிருந்து போன். "இன்னும் எத்தனை வருஷம் அந்தக் கிருமியோட குடும்பம் நடத்துவ, மப்ரூக்கா?"

பொறுமையாகச் சொன்னேன். தேள் விஷத்தை முறிக்கிற குட்டிப் புரதம் அது. ஒட்டகத்திடமிருந்து எடுத்த மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்துச் செய்ய வைக்கிறோம். செய்த இடத்திலேயே கிடந்தால் சரியான வடிவத்துக்கு வராது. உள்சவ்வைக் கடந்து, இரண்டு சவ்வுக்கும் நடுவே இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும். கடக்க ஒரு சின்ன வாசல்தான். சுருண்டு உருண்டையாகிவிட்டால் நுழையாது, நூல் மாதிரி நீளமாக இருக்கும்போதே தள்ளிவிட வேண்டும். முனையில் ஒரு துண்டு ஒட்டியிருக்கும். அதைக் காட்டினால்தான் வாசல் திறக்கும். கடந்ததும் செல்லே அந்தத் துண்டை வெட்டிவிடும்.

"விசான்னு சொல்லு. உன் தம்பிக்கும் கிடைக்கல, உன் புரதத்துக்கும் கிடைக்கல" என்றாள். சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகு அழுகை வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

ஜூன் 19

வந்துவிட்டது! தடியான நீலக் கோடு!

என் வழிகாட்டிப் பேராசிரியர் ஸி லஸ்ஆத் போன வாரம் "தூண்டுமருந்தை இன்னும் ஊத்து, கஞ்சத்தனம் பண்ணாதே" என்றார். ஊற்றினால் பாக்டீரியா இன்னும் வேகமாகப் புரதம் செய்யும். ஊற்றினேன். செல்களைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் வெளிச்சவ்வு மட்டும் கிழிந்து, நடுவில் இருப்பது தண்ணீரோடு வந்துவிடும். அந்தத் தண்ணீரில்தான் இவ்வளவு புரதம்! கரண்ட் போவதற்குள் ஜெல்லைப் பாதி ஓட்டி, சாயம் ஏற்றிப் பார்த்தோம். ஷிராஸ் என்னைக் கட்டிக்கொண்டாள். ஸி லஸ்ஆத் ஒரு பெட்டி மக்ரூத் இனிப்பு வாங்கி வந்து, "கஃப்ஸாக்காரி சாதிச்சுட்டா பாத்தீங்களா!" என்று தன் கையாலேயே எல்லாருக்கும் கொடுத்தார்.

ஜூலை 8 மொனாஸ்திரில் நடக்கிற ஆய்வாளர் கூட்டத்தில் இதைக் காட்டப் போகிறார். விஷமுறி மருந்து செய்கிற நிலையத்துக்காரர்களும் வருவார்களாம். செப்டம்பர் 20 எனக்கு பிஎச்.டி வைவா! நாலு வருஷம் கழித்து!

ஜூன் 22

அம்மா அத்தைகள் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். வைவா அன்றைக்குக் கொடுக்க பக்லாவா இனிப்புக்கு முன்பதிவு. எனக்கு நீல உடை தைக்கக் கொடுத்தாயிற்றாம். கேட்காமலேயே.

ஜூன் 30

பெருநாள் விடுமுறை. கட்டிடத்தில் ஈ காக்கை இல்லை. ஷிராஸ் வீட்டில் ஆட்டுக்கறி மூக்குமுட்டத் தின்றுவிட்டு, சும்மா இருக்க முடியாமல் வந்து ஜெல் போட்டேன். ஊரெல்லாம் கடை அடைப்பு என்பதாலோ என்னவோ, கரண்ட் போகவே இல்லை. ஜெல் அடிமட்டம் வரை ஓடியது.

தடிக் கோடு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

மேலே இருப்பதுதான் தடி. கீழே இருப்பது இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி. மேலே என்றால் கனம் கூட. கனம் கூட என்றால் முனைத்துண்டு இன்னும் வெட்டப்படவில்லை. வெட்டவில்லை என்றால் —

கடக்கவே இல்லை.

அப்படியென்றால் அந்தத் தண்ணீருக்குள் எப்படி வந்தது? நான் அளவுக்கு மீறித் தூண்டி, வாசலெல்லாம் அடைத்துப்போய், செல்கள் நலிந்து, குளிர்தண்ணி பட்டதும் உள்சவ்வும் சேர்ந்து கிழிந்திருக்கிறது. உள்ளே கிடந்தது அப்படியே கொட்டியிருக்கிறது. கரண்ட் போய்விடுமே என்று நாங்கள் பாதியில் நிறுத்துகிற ஜெல்லில் இரண்டு கோடும் ஒட்டி ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. மாசக்கணக்கா எல்லாரும் இப்படித்தானே ஓட்டுறோம். ஐயோ. ஐயோ ஐயோ.

ஜூலை 1

மறுபடி போட்டேன். அதேதான்.

ஜூலை 3

சொல்லிவிட்டேன். ஸி லஸ்ஆத் இரண்டு ஜெல்லையும் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"சாயம் சரியா ஏறல."

"ரெண்டு தடவையுமா?"

"கூட்டம் முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"அங்க காட்டப் போறது பொய்யாயிடுமே, ஸி லஸ்ஆத்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "உனக்கு வைவா வேணுமா, வேணாமாம்மா?" என்று தணிந்த குரலில் கேட்டார். கத்தியிருந்தால் தேவலை.

ஜூலை 5

ஷிராஸ்: "வாயை மூடிக்கிட்டுப் பட்டத்தை வாங்கு. டாக்டர் ஆன அப்புறம் எவ்வளவு வேணா உண்மை பேசு. யாரு வேணாங்கறா?"

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். அம்மாவிடம் என்ன சொல்வேன்? எனக்குப் பயமாக இருக்கிறது. அவ்வளவுதான். பயம்.

ஜூலை 8, மொனாஸ்திர்

எழுதிவிடுகிறேன்.

அரைகுறை ஜெல்லைத்தான் காட்டினார். கைதட்டினார்கள். நான் மூன்றாவது வரிசையில் ஷிராஸ் பக்கத்தில். நிலையத்துக்காரர்களில் நரைத்த முடிக்கார அம்மா ஒருவர் எழுந்து, "நல்லாயிருக்கு. முனைத்துண்டு வெட்டுப்பட்டதைப் பாத்தீங்களா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

ஸி லஸ்ஆத் சிரித்தார். "செஞ்ச பொண்ணே இங்க இருக்கா. அவளே சொல்வா."

நான் ஆமாம் என்பேன் என்று நம்பித்தான் கூப்பிட்டார். முகத்தைப் பார்த்தேனே, தெரிந்தது. ஷிராஸ் என் முழங்கையை அழுத்தினாள். எழுந்தேன்.

"இல்லை. வெட்டுப்படலை. அது கடக்கலை. செல் உடைஞ்சு வந்தது."

அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. திரும்புகிற காரில் ஸி லஸ்ஆத் வானொலியைச் சத்தமாக வைத்தார். நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 9

படுத்தே கிடந்தேன்.

ஜூலை 17

வைவா இல்லை. துறை அலுவலகத்திலிருந்து சொன்னார்கள். ஸி லஸ்ஆத் நேரில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தால் வேறு பக்கம் போகிறார். நானும் ஒன்றும் குழையவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "அந்தாளு மேல தப்பா, உன் மேல தப்பா?" என்றாள். ரெண்டு பேர் மேலயும், என்றேன். "சரி, ஒழுங்கா சாப்பிடு" என்று வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 22

தூண்டுமருந்தைச் சொட்டளவாகக் குறைத்தேன். குளிரில் வளர்க்கிறேன். மெதுவாகச் செய்தால் வாசலில் நெரிசல் இருக்காது, சுருளுவதற்குள் நுழைந்துவிடும் என்பது கணக்கு. கணக்கு காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஜெல்லில் ஒரு மண்ணும் இல்லை. நான் முட்டாளா? அன்றைக்கு ஒரு வார்த்தை, "ஆமாம்" என்று —

இல்லை. மாட்டேன்.

செப்டம்பர் 20

வைவா இருந்திருக்க வேண்டியது இன்றைக்குத்தான். லப்லாபி கொண்டைக்கடலை சூப்பில் ஹரிஸ்ஸா மிளகாய் விழுதை அள்ளிப் போட்டுத் தின்றேன். கண்ணில் தண்ணீர் காரத்தால் என்று ஷிராஸிடம் சொன்னேன். அவள் தன் ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தாள்.

அக்டோபர் 11

கீழ்க்கோடு. மெல்லிசாக, ஆனால் தனியாக. மேலே ஒன்றுமில்லை. உள்ளே மட்டுமே இருக்க வேண்டிய இன்னொரு புரதம் அந்தத் தண்ணீரில் இருக்கிறதா என்றும் பார்த்தேன். துளிகூட இல்லை. உடையவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான்.

அக்டோபர் 16

மூன்று தடவையும் அதேதான். ஜெல்களை எடுத்துக்கொண்டு ஸி லஸ்ஆத் அறைக்குப் போனேன். ஜூலைக்குப் பிறகு இன்றுதான் அந்தக் கதவைத் தட்டினேன். நிமிர்ந்து பார்த்தார். இளைத்திருக்கிறார்.

"கடந்துச்சா?"

"கடந்துச்சு. கொஞ்சம்தான்."

ஜெல்லை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. விஷமுறி நிலையத்துக்குப் போன் போட்டு அந்த நரைத்த முடி அம்மாவிடம் பேச வேண்டும் என்றார். "ஆமாம், இப்போ கடந்துடுச்சு" என்றார். பிறகு, "இல்லை, நான் இன்னும் பாக்கல. மப்ரூக்கா சொன்னா."