இரண்டாவது வணக்கம்

தொங்யொங்,
செப்டம்பர் 2

அன்பு மகள் சோராவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கைபேசியில் அனுப்பினால் "சரிப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் வலி மட்டும் போக மாட்டேன் என்கிறது. கடல் சூடேறிக் கிடப்பதால் இந்த வருடம் சிப்பி சுமார்தான் என்று பேசிக்கொள்கிறார்கள்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. பிப்ரவரியிலிருந்து நான் ஜெர்மன் படிக்கிறேன். வாத்தியார் யாரும் இல்லை, வீடியோதான். காலைச் சாப்பாட்டோடு ஒன்று, பட்டறையில் படகு எஞ்சின் ஆறும்வரை இன்னொன்று. ஒரு பெண் ரயிலில் ஊர் ஊராகப் போய் ரொட்டி தின்கிறாள். ஒரு தாடிக்காரர் அக்கார்டியன் வாசித்துக்கொண்டே பாட்டுக்குப் பாட்டு அர்த்தம் சொல்கிறார். எதிர்க்கடை பே மாமா விடுவாரா? "இங்க மீனெல்லாம் கொரியன்லதான்டா பேசுது, உனக்கு எதுக்கு ஜெர்மன்?" என்கிறார். எதற்கு என்று அவருக்கும் தெரியும்.

அம்மா போன பிறகும் அவள் கைபேசியை நான் அணைக்கவில்லை. அவளும் உன் மாமியார் எல்கே அம்மாவும் வார்த்தையே இல்லாமல் பூப்படமாக அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சம்பந்தியம்மாவின் பிறந்தநாளை அவள் சமையலறை நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்தாள். அது ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை. என் சுபாவம் உனக்குத் தெரியும், எதையும் முன்னதாகவே முடித்துவிட வேண்டும். திங்கட்கிழமையே சட்டை மாற்றிக்கொண்டு, ஜெர்மனில் வாழ்த்துச் சொல்லி, ஒரு பாட்டும் பாடிப் பதிவு செய்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ரொட்டிப் பெண் தங்கள் ஊர் வழக்கங்களைச் சொன்னாள். பிறந்தநாளுக்கு முன்பே வாழ்த்துவது அங்கே பெரிய அபசகுனமாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. தனியாக இருக்கிற ஒரு பெண்மணிக்குக் கெடுதல் வரட்டும் என்று பாட்டுப் பாடி அனுப்பியிருக்கிறேன்!

அன்று மாலையே சம்பந்தியம்மாவிடமிருந்து பதில் வந்தது. எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசியிருந்தார். பத்துத் தடவை கேட்டுத்தான் முழுதும் பிடிபட்டது. "நான் இதை இன்னும் கேக்கவே இல்லன்னு வச்சுக்குங்க. வியாழக்கிழமை கேட்டுக்கறேன்." அவ்வளவுதான். வியாழக்கிழமை ஒரு படம் வந்தது. கேக், ஒரு மெழுகுவத்தி, பக்கத்தில் கைபேசி, திரையில் என் முகம். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.

இத்தனை சின்ன வேலைதான் அது, சோரா. அந்தப் புத்தாண்டன்று எனக்கு அது தோன்றவில்லை.

மாப்பிள்ளை ஹென்னிங் எங்கள் முன்னால் விழுந்து வணங்கினார். எழுந்தார். மறுபடியும் விழுந்தார். நம் வழக்கப்படி உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு வணக்கம், செத்தவர்களுக்கு இரண்டு என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நீ அடுப்படியில் சூப் ஊற்றிக்கொண்டிருந்தாய். "என்னை உயிரோட அடக்கம் பண்ண வந்திருக்கான்" என்று கத்திவிட்டு நான் துறைமுகத்துக்குப் போய்விட்டேன். நம்மூர் வழக்கத்தை வீடியோ பார்த்துப் படித்தாராம், அகப்பட்டது திதி கொடுக்கிற வீடியோவாம். இதை நீ தொலைபேசியில் அழுதுகொண்டே சொன்னபோதும் நான் கேட்கவில்லை. அந்த ஆளை இங்கே கூட்டிவராதே என்றேன்.

உனக்குத் தெரியாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அம்மா என்னிடம், "அந்தப் புள்ள எனக்குச் செய்ய வேண்டியத முன்னாடியே செஞ்சிட்டான். வரலன்னாலும் குறையில்ல" என்றாள். அவரைக் கூப்பிடுங்கள் என்று அவள் கேட்ட விதம் அது. நான் அதைப் பிடிவாதத்துக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். சாவுக்கு நீ தனியாக வந்தாய். கூடத்தில் நீ ஒருத்தியாக நின்றதை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

இதை ஜெர்மனில் ஹென்னிங்குக்கே எழுத மூன்று நாள் முயன்றேன். கோட்டைக்கு வழி கேட்க எனக்குத் தெரியும், ரயில் தாமதமா என்று கேட்கத் தெரியும், நாலு பாட்டுத் தெரியும். மன்னிப்பு என்றால் டிராமில் யார் காலையாவது மிதித்துவிட்டால் சொல்கிறார்களே, அது மட்டும்தான் தெரியும். அதை எழுதி அனுப்ப வெட்கமாக இருந்தது.

மாத முடிவில் அறுவடைப் பண்டிகை வருகிறது. அம்மா சமாதியில் புல் முழங்காலளவு வளர்ந்திருக்கிறது. இந்த முறை ஆள் வைத்து வெட்டப் போவதில்லை. மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு வா, நானும் அவரும் சேர்ந்து வெட்டுகிறோம். அங்கே அவர் இரண்டு முறை வணங்கட்டும், அதுதான் முறை. வீட்டுக்கு வந்து எனக்கு ஒன்று. மறந்துபோய் எனக்கும் இரண்டாவதாக விழுந்தாரானால் விழட்டும். இந்தத் தடவை எழுந்து போக மாட்டேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும்.

உன் வரவை எதிர்பார்த்து,
அப்பா