மூடியைத் தூக்கி ஒட்டியவள்

பிப்ரவரி 6
அட்டைப்பெட்டி கம்பெனியில் சேர்ந்து பத்தாவது நாள். இன்று பசை மேஜையிலிருந்து வெட்டு மெஷினுக்கு மாற்றிவிட்டார்கள்! சூப்பர்வைசர் முதலில் கற்றுக்கொடுத்தது மெஷின் ஓட்ட அல்ல, டேப் ஒட்ட. “கத்திக்கு மேல இருக்கிற இந்த மூடி ஏறி ஏறி இறங்கினா ஐநூறு பெட்டிகூடத் தேறாது. தூக்கி ஒட்டிடு. முதலாளி சொன்னதுதான்.” கையில் வளையல் மாதிரி மாட்டியிருந்த டேப்பைக் கழற்றிக் கொடுத்தார். ஒட்டினேன். மனிதர் நடந்து வந்தால் ஒட்டடைக்குச்சிக்குச் சட்டை மாட்டியது போலிருக்கிறது. இனி அவர் பெயர் அதுதான்.

பிப்ரவரி 27
இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. நான்கு நாளுக்கு முன் ஒரு அட்டை கோணலாகப் போனது. நேராக்கக் கையை விட்டேன். வலது ஆள்காட்டி விரலில் ஒரு கணு போய்விட்டது. ஒட்டடைக்குச்சிதான் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ! அம்மா அழுதுகொண்டே ஊட்டுகிறாள். எனக்கு நன்றாகப் பசிக்கிறது.

மார்ச் 3
முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒரு பை ஆப்பிள், ஒரு காகிதம். ‘என் கவனக்குறைவால் நடந்தது’ என்று அதில் அச்சடித்திருந்தது. “கையெழுத்துப் போட்டுடும்மா, வைத்தியச் செலவு என்னோடது.” அம்மா காகிதத்தை மடித்து ஆப்பிள் பைக்குள்ளேயே போட்டு நீட்டினாள். “முதல்ல கை ஆறட்டும். அப்புறம் கையெழுத்து.”

மார்ச் 4
ஆனா டேப் ஒட்டினது நான். கையை விட்டதும் நான். அப்போ தப்பு என்மேலதானே? செலவுக்கு அம்மா எங்க போவா?

மார்ச் 11
ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், தொழிலாளர் அலுவலக மேடம் வீட்டுக்கே வந்தார். வயது கேட்டார். பதினேழு என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டார். “பதினெட்டு ஆகாத பொண்ணை அந்த மெஷின்ல நிறுத்தினதே தப்பு. நீ அவசரத்துல கையை விட்டாலும் அது உள்ள போகக்கூடாதுன்னுதான் மூடி. பொறுப்பு முதலாளியோடது.”
நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியது போலிருந்தது. ஆனால் யாரும் சொல்லாமல் நானே ஒட்டினேன் என்று முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறாராம். “சொல்லித்தான் செஞ்சேன்னு காட்ட ஏதாவது இருக்கா?” இருக்கிறது. பிப்ரவரி 6. ஐயோ, அதே பக்கத்தில்தான் ஒட்டடைக்குச்சியும் இருக்கிறார்! மானம் போனால் போகட்டும் என்று நோட்டைக் காட்டினேன். படம் எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 19
விசாரணை. பக்கத்தை முழுசாகவே வாசித்தார்கள். எனக்கு மேஜைக்கு அடியில் போய்விடலாமா என்றிருந்தது. முதலாளியின் வக்கீல் சிரித்தார். “நோட்டுல யாரும் எதையும் எழுதலாம். யாருங்க அந்த ஒட்டடைக்குச்சி?”
பின்வரிசையில் சூப்பர்வைசர் எழுந்தார். “நான்தாங்க. ஒட்டச் சொன்னதும் நான்தான். எனக்குச் சொன்னது முதலாளி.”
வீட்டில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வேலை போகலாம் என்று தெரிந்தும் சொன்னார். வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். “என் பொண்டாட்டி அதைவிட மோசமா கூப்பிடுவா, போ,” என்றார்.

ஜூன் 2
தீர்ப்பு வந்தது. பொறுப்பு முழுக்க கம்பெனியுடையது. வைத்தியம், நஷ்டஈடு, எல்லா மெஷினுக்கும் புது மூடி. சாட்சி சொன்னவரை வேலையை விட்டு எடுக்கவும் கூடாது. அம்மா மறுபடி வாசிக்கச் சொன்னாள். மூன்று முறை வாசித்தேன்.

செப்டம்பர் 14
பதினெட்டு முடிந்து ஒரு வாரம். பசை மேஜைக்குத் திரும்பியிருந்த என்னிடம், வெட்டு மெஷினுக்கு வர இஷ்டமா என்று கேட்டார்கள். முதலில் பார்க்கிறேன் என்றேன். சூப்பர்வைசர் கையில் டேப் இல்லை. மெஷின் ஓடும்போது புது மூடியைத் தூக்கினேன். நின்றது. மூடியை இறக்கி, மறுபடி ஓட்டித் தூக்கினேன். நின்றது.
“போதும்மா, அதுக்குத் தலை சுத்தப்போகுது,” என்றார்.
இன்னும் ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் முதல் அட்டையை வைத்தேன்.