மருந்து அறைக் கதவும் ஆசாரியின் சீட்டும்

6 ஆகஸ்ட் 1962, திங்கள்
காலையிலேயே அனல். பட்டாசுக்கு நல்லது, எனக்குத் தலைவலி.
புது வெடிமருந்து அறைக்கு வேலை முடிந்த சீட்டுகள் இன்று கடைசி. கொத்தனார் – கொடுத்துவிட்டார், சுண்ணாம்புக் கைரேகையோடு. பெயிண்டர் – நாளைக்காம். கதவு வேலை ச. ஆசாரி – மூச்சே இல்லை. எல்லாச் சீட்டும் ஆபீசில் என் மேசைக்கு வந்தால்தான் அறைச் சாவியை நான் கொடுக்கலாம். சட்டம் போட்டது மானேஜர், திட்டு வாங்குவது நான்.
வாங்க: சீயக்காய், விளக்குத் திரி.

7, செவ்வாய்
பெயிண்டர் சீட்டு வந்தது. சங்கரலிங்க ஆசாரியைப் பட்டறையிலேயே பிடித்தேன். போன வாரமே கதவு மாட்டியாச்சு, சீட்டு எங்கே என்றேன்.
"ஆடியிலே நிலைக்கதவு முடிச்சேன்னு எங்கையாலே எழுதுவேனாம்மா? ஆவணி பெறக்கட்டும்."
"மாட்டினது ஆடியிலேதானே?"
"மாட்டச் சொன்னாக, மாட்டினேன். எழுதமாட்டேன்."
இந்த மனிதரோடு என்ன பேச! சிரிப்பும் எரிச்சலும்.

9, வியாழன்
நாளை ஆடிக் கடைசி வெள்ளி. பாதிப் பேர் இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குக் கிளம்பியாச்சு. ஆசாரியும்தான்.
மானேஜர்: "தீவாளி ஆர்டர் கழுத்தை நெரிக்குது. திங்கக்கெழமை பொம்பளைகளை உள்ளே உக்கார வைக்கணும். ஆசாரி சீட்டை நீயே எழுதிப் போட்டுரு, எஸ்தர்."
கதவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். பார்த்தேன். கீல் எல்லாம் இரும்பு. பித்தளை வரவில்லையாம், வரும்வரை இதை மாட்டச் சொன்னாராம் மானேஜர். மருந்து அறையில் இரும்பு உரசிப் பொறி பறந்தால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உள்ளே உட்காரப் போகிறவர்களில் பக்கத்து வீட்டுப் பாக்கியமும் ஒருத்தி.
ஆசாரியின் ஆடி இப்போதுதான் புரிகிறது. மானேஜரிடம் முடியாது என்று சொல்லத் தைரியமில்லை, பழியை மாதத்தின் தலையில் போட்டுவிட்டார்.
எழுத மாட்டேன் என்றேன். "அப்ப திங்கக்கெழமை நீ வரவேண்டாம்."
சாவியைக் கொடுக்காமலே வெளியே வந்துவிட்டேன். கோபம்தான். பயமும் கொஞ்சம்.

12, ஞாயிறு
வேதக்கோவிலில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. பாக்கியத்திடம் கீல் விஷயம் சொன்னேன். "நீங்க எழுதாத அறைக்குள்ள நாங்க போவமாக்கா?" என்றாள்.
வேலை போனால் தையல் மெஷின் இருக்கிறது. போகட்டும்.

13, திங்கள்
போனேன். வரவேண்டாம் என்றால் வராமல் இருந்துவிடுவேனா!
சாவி இடுப்பில். கையில் நானே எழுதிய சீட்டு: 'மருந்து அறைக் கதவு. இரும்புக் கீல். வேலை முடியவில்லை.' கீழே என் கையெழுத்து. கதவில் ஒட்டினேன்.
மானேஜர்: "கிழி அதை."
"நீங்களே கிழிச்சுக்கோங்க. இத்தனை பேரு பார்க்காக."
பாக்கியமும் மற்றவர்களும் வெளியிலேயே நின்றார்கள். மானேஜர் கை நீளவில்லை.
அப்போது ஆசாரி வந்தார். மொட்டைத் தலை, சந்தனம், காதில் பென்சில். எழுத்துக்கூட்டி வாசித்தார். பென்சிலை எடுத்தார். என் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டார்.
மானேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன் ஆசாரி, ஆடியிலே எழுதமாட்டேன்னீராமே?"
"முடிஞ்சதுன்னுதான்யா எழுதக்கூடாது. முடியலேன்னு தாராளமா எழுதலாம்."