மரத்துப் பக்கம் பந்து போட ஆள்

அக்டோபர் 5, சனி
நாற்பத்தெட்டு வயதில் மறுபடியும் பன்னிரண்டாம் ஆள். கேப்டன் காவின் வேகப்பந்து வீசுகிறவர்களாகவே நான்கு பேரை எடுத்துவிட்டான். எனக்குத் தேநீர் மேஜை தூக்கும் வேலை. "உன் சுழல்பந்து போய்ச் சேர்றதுக்குள்ள நான் கேக்கையே வெட்டி அடுக்கிடுவேன்" என்றாள் மெரில். கட்டிய மனைவி!

அக்டோபர் 12
மைதானத்துத் தைலமரத்தில் மேக்பை என்கிற கருப்பு வெள்ளைப் பறவை கூடு கட்டியிருக்கிறது. அந்தப் பக்கமிருந்து யார் ஓடிவந்தாலும் பாய்ந்து வந்து பின்மண்டையில் கொத்துகிறது. மூன்று வேகங்கள் காலி. நான்காமவன் ஐஸ்கிரீம் டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடி, கண் தெரியாமல் நடுவர் மேல் மோதினான். பறவையைத் தொடக்கூடாது, சட்டம். எதிரணியே பாவம் பார்த்து என்னை இறக்கச் சம்மதித்தது.

நான் மூன்றடி நடந்துதான் போடுவேன். நடப்பவனை அந்தப் பறவை மதிக்கவே இல்லை. மட்டை பிடித்தவர்களும் மதிக்கவில்லைதான். ஆனால் ஒரு கண்ணை மரத்தில் வைத்துக்கொண்டு எப்படி ஆடுவது? ஐந்து விக்கெட்!

"நோயலண்ணே, நீங்க இல்லாம இந்த டீமே இல்ல!" என்றான் காவின். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நவம்பர் 9
குஞ்சு பறந்துவிட்டது. பறவை சாதுவாகிவிட்டது.
"பெருசு, அந்த மேஜையக் கொஞ்சம் தூக்கு" என்கிறான் காவின்.
ஆற்றைக் கடக்கும்வரைதான் அண்ணன் தம்பி. அப்போ நான் எடுத்த விக்கெட்டெல்லாம் — என் விரலுக்கா, பறவைக்கா? சொல்லித் தொலைங்கடா!

மார்ச் 29
கிளப் விருந்து. சிறந்த பந்துவீச்சாளர் கோப்பை மேக்பைக்கு. அதன் சார்பில் என்னை வாங்கச் சொன்னார்கள். போய் வாங்கினேன்.

ஜூலை 13
ஆட்டமில்லாத மாதங்களில் கிளப்பில் யாரும் என்னோடு பேசுவதில்லை. தினமும் அரைத்த மாட்டிறைச்சியோடு மைதானத்துக்குப் போகிறேன். பறவை காலடியில் வந்து நிற்கிறது. "எனக்கு ஒரு நாளாவது இப்படி ஊட்டினியா?" என்று மெரிலும் கூடவே வந்தாள். சும்மா நிற்பானேன் என்று பந்தைக் கையில் கொடுத்தேன். மூன்றடி நடந்து போட்டாள். பந்து என்னமாய்த் திரும்பியது! பந்தைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 27
வாசலில் காவின், கையில் பீர் பெட்டி.
"அண்ணே, நீங்க போட்ட தீனிக்கு இன்னொரு ஜோடியும் வந்து குடியேறிடுச்சு. ரெண்டு பக்கமும் கூடு! மெதுவாப் போடுற ஆள் இன்னொண்ணு வேணும். யாராவது இருக்காங்களா?"
நான் வாய் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து குரல்: "நான் வர்றேன். ஆனா கேக்கு நீதான் சுடணும், தம்பி."

அக்டோபர் 4
மெரிலுக்கு ஆறு விக்கெட். எனக்கு ஒன்றும் இல்லை. காவின் சுட்ட கேக் கரி.
"அண்ணி, நீங்க இல்லாம இந்த டீமே இல்ல!"
அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மேஜையை நான்தான் மடக்கி வைத்தேன். இதெல்லாம் நவம்பர் வரைக்கும்தான் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.