வாசலில் மூன்று ஜோடி

மார்ச் 4, செவ்வாய்

துவைத்த துணி இன்னும் சமையலறைக் கயிற்றில் ஈரமாகத் தொங்குகிறது. ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் வாடை. எதைப் பொறுத்துக்கொள்வது என்பதுதான் இங்கே வந்ததிலிருந்து என் தினசரி யோசனை.

குப்பை போடக் கதவைத் திறந்தபோது கவனித்தேன். வாசலில் எங்கள் மூன்று ஜோடிச் செருப்பும் வரிசையாக, முனை வெளியே பார்த்தபடி இருந்தன. நாங்கள் கழற்றிப் போடுகிற அழகுக்கு ஒன்று கிழக்கே கிடக்கும், ஒன்று மேற்கே. இவர்தான் அடுக்கியிருப்பார் என்று சிரித்துக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து செய்யாதவர், வெளிநாடு வந்து திருந்திவிட்டாரா?

இந்த மாடியில் செருப்பை வெளியே விடுவது நாங்கள் மட்டும்தான். தெருவை மிதித்ததை வீட்டுக்குள் கொண்டுவர எனக்கு மனசு வரவில்லை.

மார்ச் 5, புதன்

அடுக்கியது இவர் இல்லையாம்.

மார்ச் 8, சனி

மறுபடியும். இந்தத் தடவை மகளின் பள்ளி ஷூ மட்டும். நாடாவைக்கூட மடித்து உள்ளே செருகியிருந்தது.

"யாரோ ஒழுங்குப் பைத்தியம்மா," என்றாள். பதினைந்து வயதில் எல்லாமே கேலி.

இவரிடம் சொன்னேன். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "செருப்பத் தூக்கிட்டுப் போனா போலீசுக்குப் போகலாம். அடுக்கி வெச்சதுக்குமா போவாங்க? வந்த இடம். கொஞ்சம் அனுசரிச்சுப் போ."

அனுசரிச்சுப் போ. விமானத்தை விட்டு இறங்கியதிலிருந்து மூன்று வேளையும் இதைத்தான் விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

வேலையில் சேர்ந்துவிட்டேன். ஓட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் இடம். இயந்திரத்திலிருந்து சூடாக வரும் படுக்கை விரிப்புகளை இரண்டிரண்டு பேராக மடிக்க வேண்டும். படித்த படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதங்களுக்குப் பிறகு, உடம்பு வலிப்பதுகூட நன்றாக இருக்கிறது.

ஒரே கவலை, மகள் பள்ளி விட்டு வந்து நான் வரும்வரை தனியாக இருக்க வேண்டும். இவர் கிடங்கு வேலை முடிந்து வர இருட்டிவிடும். அதனால் கட்டடக் காவலாளியிடம், பிள்ளை தனியாக இருப்பாள், ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இவரை விட்டுச் சொல்லச் சொன்னேன். எல்லா வீட்டுச் சாவியும் அந்த மனிதரின் இடுப்பில் தொங்கும், நடந்தால் சலங்கை மாதிரிச் சத்தம் வரும். மகள் வைத்த பேர் 'சாவிக்கொத்து'. நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தாராம். ஊரில் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவோமே, அந்த மாதிரி எனக்கும் நிம்மதியாக இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கும் அக்கா இங்கே வந்து வெகுகாலமாகிறது. செருப்பு விஷயத்தைப் பேச்சுவாக்கில் வேடிக்கையாகச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. மடிப்பு பாதியில் நின்றது.

"செருப்ப வெளியிலயா விடுற? ஏம்மா, யாரு உள்ள இருக்கா, யாரு இல்லன்னு நீயே வாசல்ல போர்டு மாட்டி வெச்சிருக்கியே."

 மீதி விரிப்புகளை மடிக்கும்போதெல்லாம் எங்கள் வாசல்தான் கண்ணில் நின்றது.

வந்ததும் மகளை உட்கார வைத்துக் கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு நகத்தைக் கடித்துக்கொண்டே சொன்னாள். தன் ஷூ மட்டும் வாசலில் இருக்கிற நாளில் அழைப்பு மணி அடிக்குமாம். கதவு லென்ஸ் வழியாகப் பார்த்தால் யாரும் தெரியாதாம். கதவைத் திறந்ததே இல்லையாம்.

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீ வேலைக்குப் போக மாட்டியே. இப்பதான் கொஞ்சம் சிரிக்கிற."



மார்ச் 19, புதன்

இவருடைய பழைய வேலை பூட்ஸை வாசலில் வைத்துவிட்டுப் போனேன். மகள் தன் ஷூவை உள்ளே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பார்க்கிறவனுக்கு வீட்டில் ஆம்பிளை இருக்கட்டும்.

மார்ச் 26, புதன்

மணி அடிக்கவே இல்லை. எனக்கே என் மூளையை மெச்சிக்கொள்ளத் தோன்றுகிறது. "அப்பா வெட்டியா வீட்ல உக்காந்திருக்கார்னு நெனச்சிருப்பாங்க," என்று மகள் இவரைச் சீண்டினாள். இவரும் சிரித்தார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

பூட்ஸை இடம் மாற்றி வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு மனிதன் போவான், வருவான், செருப்பு நகரும். இது அதே இடத்தில், தூசி படிந்து, பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. என்ன முட்டாள் நான்.

இன்று அதன் தூசியை யாரோ துடைத்திருக்கிறார்கள். இரண்டு பூட்ஸின் நாடாவையும் ஒன்றோடொன்று சேர்த்து முடிந்திருந்தது. இதுவரை செருப்புகள் எல்லாம் வெளியே பார்த்தபடிதான் இருந்தன. இது உள்ளே பார்த்து, கதவில் முனை இடிக்க நின்றது.

நான் தொடவில்லை. இவர் வந்து பார்க்கட்டும் என்று அப்படியே விட்டேன்.

வந்தார். நடைவழியிலேயே உட்கார்ந்து பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டார். முடிச்சை அவிழ்க்க வெகுநேரம் ஆனது. அனுசரித்துப் போகச் சொல்லவில்லை.

ஏப்ரல் 2, புதன்

இனி மகள் பள்ளி விட்டு நேராக என் வேலை இடத்துக்கு வந்துவிடுவாள். அக்கா மேற்பார்வையாளரிடம் பேசி அனுமதி வாங்கித் தந்தார். துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பாடம் எழுதுகிறாள். செருப்பையும் இனி வாசலில் கழற்றி, கையோடு எடுத்துப் போய் உள்ளே ஒரு பையில் போட்டு வைக்கிறோம்.

ஏப்ரல் 5, சனி

இவர் பூட்டை மாற்றினார். துளை போடும் சத்தம் அடங்குவதற்குள் சலங்கைச் சத்தம் மாடிப்படியில் கேட்டது.

காவலாளி. முகம் நிறையச் சிரிப்பு. புதுச் சாவியில் ஒன்று தன்னிடம் இருக்க வேண்டும், அதுதான் கட்டட விதி என்றாராம். மகள் எனக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவர் கண்ணைப் பார்த்தேன். அது எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கீழே, காலியாக இருந்த வாசல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஏதோ கேட்டார். மகள் அதைத் தமிழில் சொல்லாமல் என் பின்னால் ஒதுங்கினாள்.

"என்ன கேக்குறார்?"

"ஷூவெல்லாம் எங்கன்னு கேக்குறார்ம்மா."

ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொன்னவள் நான்தான்.

இவர் புதுச் சாவி வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தரமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்குத் தெரியும் அந்த நிற்பு. நான் உள்ளே போய் அலமாரியிலிருந்து ஒரு சாவியைக் கொண்டுவந்து காவலாளியின் உள்ளங்கையில் வைத்தேன். ஊரில் நாங்கள் பூட்டிவிட்டு வந்த வீட்டின் சாவி. அதுவும் இதே மாதிரித் தட்டைச் சாவிதான். நன்றி சொல்லிக் கொத்தில் கோத்துக்கொண்டார்.

இவர் அதைப் பார்த்தார், அடையாளம் தெரிந்தது. கதவைச் சாத்திய பிறகுதான் கேட்டார்: "அது சேராதுன்னு கண்டுபிடிச்சுட்டா?"

"எப்பக் கண்டுபிடிப்பான்? போட்டுப் பாத்தாத்தானே?"

ஏப்ரல் 7, திங்கள்

காவலாளி கீழ்வாசலில் வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன்.

ஏப்ரல் 9, புதன்

அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சாயங்காலம் இவர் எங்களை அழைத்துப்போக வேலை இடத்துக்கே வந்திருந்தார். மூவரும் சேர்ந்தே மாடி ஏறினோம். வாசலில், முன்பு செருப்பு விட்ட இடத்தில், எங்கள் ஊர் வீட்டுச் சாவி கிடந்தது. துடைத்துப் பளபளவென்று, முனை கதவைப் பார்த்தபடி.

மகள் அதைத் தாண்டாமல் நின்றுவிட்டாள். இவர் குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கதவைத் திறந்தார். பழக்கத்தில் நான் காலை உதறிச் செருப்பைக் கழற்றப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரும் கழட்ட வேண்டாம். உள்ள வாங்க. பெட்டிய எடுங்க."

சாமி படம் இருந்த அலமாரிவரை செருப்புக் காலோடு நடந்தேன்.