சீர்த்தட்டு சுத்தின துணி

அருமை மவன் தவ்ஃபீக்குக்கு, கல்மண்டபத்துலேர்ந்து அம்மா ஸலாம் சொல்லி எழுதுறது. அல்லா கிருபையில நானும் அத்தாவும் பாதி நேரம் இருமிக்கினும் பாதி நேரம் சண்டை போட்டுக்கினும் சொகமாத்தான் கீறோம், அந்த ஜெர்மனி குளிர்ல நீ வேளைக்குத் துன்னு காதை மூடிக்கினு நல்லா இருக்கணும்னு ஒவ்வொரு தொழுவையிலயும் கேக்குறேன். போன் கீறப்ப காயிதம் இன்னாத்துக்குன்னு கேப்பே. போன் பேசுனா உங்கத்தா பக்கத்துலயே குந்திக்கினு ஸ்பீக்கர்ல போடுன்றாரு, ஹார்பர் லாரி தூசுக்கு ஜன்னலையும் மூடியாச்சு, மூச்சு வாங்குதுன்னு அவரும் வெளிய போறதில்ல, இந்த ஒத்தை ரூம்ல நான் எங்க போயி ரகசியம் பேசுறது. அதான் உன் தோஸ்து ஹுமாயூன் லீவு முடிஞ்சு அங்க கெளம்புறான்னதும் அவன் கையில குடுத்தனுப்ப மாடிப்படியில குந்தி எழுதிக்கினு கீறேன்.

உன் தங்கச்சி சைமாவுக்கு கல்யாணம் ஆயி இது மொத பெருநாள், மீஞ்சூர் சம்மந்தி வூட்டுக்கு பதினோரு தட்டு சீர் போவணும்னு உனக்கே தெரியும். எப்பவும் தட்டு மேல கண்ணாடிப் பேப்பர் சுத்தி ஜிகினா ரிப்பன் கட்டுவோம், பாக்க சோக்கா இருக்கும். நீதான் போன்ல குதிச்சே. ஒரு நாள் கூத்துக்கு அத்தினி பிளாஸ்டிக்கா, தூக்கிப் போட்டா கால்வாய்க்குப் போவுது, கொளுத்துனா அத்தா நெஞ்சுக்குப் போவுதுன்னே. சரின்னு பளபளன்னு ஒரு துணியைக் காட்டுனா அது பாலியஸ்டரு, அதுவும் பிளாஸ்டிக்குதான்னே. புதுசா எதையும் வாங்காதே, வூட்டுல கீற பருத்தித் துணியை எடுத்துக் கட்டுன்னே. நீ சொன்னது நாயமாத்தான் பட்டுச்சு. ஆனா நம்ம வூட்டுல உருப்படியான பருத்தித் துணி எதுடா கீது? பொடவை பூரா சிந்தடிக்கு, பெட்ஷீட்டு பூரா கிழிசல். பீரோ அடியில இருந்தது ஒண்ணுதான். உங்கத்தாவும் நானும் மக்காவுக்கு உம்ரா போனப்ப எங்க மவுத்துக்கு உடம்புல சுத்த ஆவும்னு ஜம்ஜம் தண்ணியில நனைச்சு ஆளுக்கொரு கஃபன் துணி எடுத்துக்கினு வந்தோமே, அதுல என்னோடது. புள்ளைத்தாச்சிப் பொண்ணுக்குப் போற சீரு, ஜம்ஜம் பட்ட துணி சுத்திப் போனா பரக்கத்துதானேன்னு நெனைச்சிட்டேன். உங்கத்தா அசந்து தூங்குறப்போ பதினோரு துண்டா வெட்டி முடிச்சு போட்டு மல்லிப்பூ சொருவினேன். வெட்டுறப்போ எனக்கு ஒண்ணுமே தோணலடா, இப்ப அந்தக் கையை ஒடைச்சுக்கலாம் போல கீது.

சம்மந்தியம்மா கௌசர் கதவைத் தொறந்தாங்க, தட்டுங்களைப் பாத்தாங்க, மூஞ்சி அப்படியே செத்துப் போச்சு. ஏழு மாசப் புள்ளைத்தாச்சி கீற வூட்டுக்கு தைக்காத வெள்ளைத் துணியைக் கட்டிக்கினு வந்துகீறீங்களே, இது கஃபன் இல்லாம இன்னான்னு கேட்டாங்க. நல்லவேளை சைமா உள்ள தூங்கிக்கினு இருந்துச்சு, இது எதுவும் அது காதுல வுழல; நான் குனிஞ்சு மல்லிப்பூவைச் சரி பண்ணேன். மருமவன் முபாஷிர்தான் கடைத்துணியா இருக்கும் வுடும்மான்னாரு. அந்தம்மா வுடல. குர்ஆன் மேல கை வெச்சு கடைத்துணின்னு சொல்லுங்க சம்மந்தி, பிரசவத்துக்குப் பொண்ணை அனுப்புறேன், இல்லைன்னா இங்கியே பெத்துக்கட்டும்னுட்டாங்க. அவங்க ஒண்ணும் கெட்டவங்க இல்ல தவ்ஃபீக், அவங்க சொன்னது அத்தினியும் நெசம், அதான் என்னைக் கொல்லுது. பொய் சத்தியம் பண்ணா பொண்ணு வருவா, நெசத்தைச் சொன்னா வரமாட்டா, சும்மா இருந்தாலும் வரமாட்டா. உங்கத்தாகிட்ட சொன்னா அவரு நெஞ்சு தாங்காது. சொல்லாட்டியும் என்னைக்காவது பீரோவைத் தொறப்பாரு, அவரோடது மட்டும் தனியா கெடக்கும். எந்தப் பக்கம் திரும்புனாலும் செவுரா கீதுடா, பெருநாள் பிரியாணி கூட எனக்கு எறங்கல.

நேத்து சைமா போன் பண்ணா. மாமியாரு கொல்லையில தூக்கிப் போட்ட துணியை எல்லாம் எடுத்து அலசி வெச்சிட்டாளாம். மெத்துன்னு கீதும்மா, புள்ள பொறந்ததும் சுத்துறதுக்கு ஆவும், ஓரம் தெச்சிக்கினு கீறேன், ஒண்ணுகூட வீணாப் போவலன்னு அண்ணன்கிட்ட சொல்லுன்னு சிரிக்குது பொண்ணு. அது எந்தத் துணின்னு தெரியாம உங்கத்தா பக்கத்துல குந்திக்கினு மாஷா அல்லான்றாரு. வேணாம்டின்னா ஏன்னு கேப்பா. நல்லா நெருக்கமா தெய்டின்னு சொல்லிட்டு அடுப்பாண்ட போயி அழுதேன். பயந்து அழுதேனா சந்தோசத்துல அழுதேனா, அல்லாவுக்குத்தான் தெரியும்.

நான் பொய் சத்தியம் பண்ண மாட்டேன். அவங்க பொண்ணை அனுப்பலைன்னா நான் மீஞ்சூர் போறேன், கௌசரம்மா எந்த மூலையைக் காட்டுறாங்களோ அங்க குந்திக்கினு என் பொண்ணு பிரசவத்தைப் பாப்பேன், உள்ள வுடலைன்னா வாசப்படியில குந்துறேன். அந்த ஒரு மாசம் அத்தாவைப் பாத்துக்க நீ லீவு போட்டு வந்து சேரு. துணியைப் பத்தி அங்கேர்ந்தே வக்கணையா சொன்னே இல்ல, இப்ப நேர்ல வா ராசா.

அல்லா உனக்கு நீண்ட ஹயாத்தையும் கொறையாத பரக்கத்தையும் குடுக்கட்டும். இந்தக் காயிதத்தைப் படிச்சதும் கிழிச்சிப் போடு, சைமா காதுக்கு இது ஒரு நாளும் போவக் கூடாது. அப்பறம் மறந்துடாதே, வரும்போது எனக்கு பன்னெண்டு மீட்டர் வெள்ளைத் துணி எடுத்துக்கினு வா, அத்தா பீரோவைத் தொறக்குறதுக்குள்ள வெச்சிடணும். சுத்தப் பருத்தியா பாத்து எடு, பிளாஸ்டிக் கவர் வேணாம்னு கடைக்காரன்கிட்ட நீயே சொல்லிடு.

உன்னைப் பெத்தவ,
சாபிரா