தையல்காரன் கட்டிய புல்கட்டு

அன்பு மகள் வாயாடிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு அப்பா எழுதுவது. இங்கே நாங்களும் நலம் என்று அடுத்த வரியை எழுதத்தான் கை போகிறது, ஆனால் எழுதவில்லை. அந்தப் பொய்யைத்தான் ஒவ்வொரு ஞாயிறும் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறேனே, போதும். போனில் வேறென்ன சொல்வது, நான் பேசும்போது உன் அம்மா கட்டிலில் படுத்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், பேச்சுதான் போயிற்றே தவிர அவளுக்கு இன்னும் பாம்புச்செவிதான். அதனால் கடையில் உட்கார்ந்து, பாதி தைத்துக் கிடக்கும் யாரோ ஒருவரின் கோட்டுத் துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு இதை எழுதுகிறேன். பாதியில் நிறுத்திவிட்டு போனை எடுத்து அழாதே, முழுக்கப் படி.

பக்கவாதத்தில் விழுந்த அம்மாவின் வலது கை இன்னும் அப்படியேதான் தொங்குகிறது. பயிற்சி கொடுக்க வரும் பெண் அதைத் தூக்கினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள், ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னால் அதை இடது கையால் வாங்கி என் மேல் எறிகிறாள், குறி ஒரு நாளும் தப்பியதில்லை. ஆனால் கொட்டகையில் ஒரு மாடு கத்தினால் போதும், போர்வையைத் தள்ளிவிட்டு, காலை இழுத்து இழுத்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறாள். செவலைப் பசுவின் முதுகில் கையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பாள். அந்தப் பெண்ணே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஐயா, நான் வந்து போறது சும்மா பேருக்குத்தான், அவங்கள நடக்க வைக்கிறது அந்த மாடுங்கதான்” என்று சொல்லிவிட்டுப் போனாள். “எல்லாத்தையும் வித்துட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்கப்பா” என்று நீ சொல்லும்போதெல்லாம் நான் உன் ஊர்க் குளிரைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தது இதனால்தான் வாயாடி. மாடு இருக்க வேண்டுமென்றால் பச்சைப்புல் நின்றுபோகும் மாதங்களுக்குத் தீனி வேண்டும், தீனி வேண்டுமென்றால் புல்லை வெட்டிக் காய வைத்து, கட்டுக் கட்டாகக் கட்டி, கொட்டகையில் அடுக்கியாக வேண்டும். அது முழுக்க அவள் வேலை. நம் வீட்டில் டிராக்டர் அவளுடையது, தையல் மிஷின் என்னுடையது, ஒருவர் பொருளை மற்றவர் தொட்டதில்லை என்பது உனக்கே தெரியும். வெளியாள் வைக்கலாமே என்பாய். வெயில் அடிக்கிற நாளில் அவனவனுக்கு அவனவன் வயலே பெரும்பாடு, யார் வருவார்கள்?

ஆகவே உன் அப்பா டிராக்டரில் ஏறினேன். சிரிக்காதே. பக்கத்து வீட்டு வெல்டர்தான் புல்லை வெட்டிக் காயப் போட்டுக் கொடுத்து, பிறகு கட்டும் மிஷினை டிராக்டருக்குப் பின்னால் மாட்டிவிட்டு, “அண்ணே, இதுலயும் ஊசி இருக்கு, நூலுக்குப் பதிலா கயிறு இருக்கு, முடிச்சு அதுவே போட்டுக்கும், உங்களுக்கு என்ன கஷ்டம்” என்று தைரியம் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். அந்த ஒரு பேச்சில் எனக்குத் தலைகால் புரியாமல் போய்விட்டது. முதலில் கயிற்றைத் தலைகீழாகக் கோர்த்தேன், கட்டு வெளியே வந்ததும் அவிழ்ந்து வயலெல்லாம் சிதறியது. பிறகு மிஷின் வாயில் புல் அடைத்துக்கொண்டது, எஞ்சினை நிறுத்தாமலே இறங்கிக் கையை விடப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வெல்டர் போட்ட சத்தத்தில்தான் கை தப்பியது, “கை வேணுமா வேணாமா, சொல்லிட்டு விடுங்க” என்று கத்தினார். அப்புறம் மெல்ல மெல்லப் பிடிபட்டது. இறுக்கும் திருகு ஒன்று இருக்கிறது, அதைத் திருகத் திருகக் கட்டு கெட்டியாக வருகிறது. நான் சும்மா இருப்பேனா, தொளதொளவென்று ஒரு பொருள் என் கையிலிருந்து போனதுண்டா? போகும்வரை திருகினேன். மூலையெல்லாம் கஞ்சி போட்ட காலர் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. இறங்கி நின்று பார்த்தேன், வரிசையாக, கோணல் இல்லாமல், அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்து எத்தனை காலம் ஆயிற்று. உன் அம்மா ஜன்னல் கண்ணாடியை இடது கையால் தட்டிக்கொண்டே இருந்தாள், பாராட்டுகிறாள் என்று நினைத்து நானும் கையை ஆட்டினேன்.

புல் காய்ந்துவிட்டதா என்று பார்க்காமல் கட்டவில்லை. துணியைத் தடவிப் பார்ப்பதுபோல உள்ளங்கையை வைத்துத் தடவித்தான் பார்த்தேன், மொடமொடவென்று இருந்தது, மேகம் வேறு கூடிக்கொண்டு வந்தது, இதற்கு மேல் காத்திருந்தால் எல்லாம் போச்சு என்று அவசரப்பட்டேன். துணிக்குத் தண்டு கிடையாது, மேலாக இருக்கும் ஈரம்தான் என் கைக்குத் தெரியும். புல்லுக்கு ஈரம் தண்டுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. அதை நான் காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டி, மாடுகள் நிற்கும் அதே கூரைக்குக் கீழே கூரை முட்ட அடுக்கினேன். அந்த மேகமும் ஒரு சொட்டு விடாமல் வந்த வழியே போய்விட்டது.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் ஒரு காலையில் அம்மா மூக்கைப் பிடித்துக்காட்டினாள். படுத்த படுக்கையில் கிடக்கிறோமே, நாறுகிறோமே என்று கூச்சப்படுகிறாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. வெந்நீர் வைத்து உடம்பைத் துடைத்துவிட்டேன், விரிப்பை மாற்றினேன், உன் பழைய வாசனைப் பவுடரைத் தேடி எடுத்துக் கழுத்தில் போட்டேன். மறுபடியும் மூக்கைப் பிடித்தாள். ஜன்னலைக் காட்டினாள், காற்று அடிக்கிறது போல என்று ஜன்னலைச் சாத்தினேன். தட்டைத் தள்ளிவிட்டாள். எனக்கும் பொறுமை போய்விட்டது வாயாடி, “நானும் மனுஷன்தானே, உனக்கு என்னதான் வேணும்” என்று கத்திவிட்டேன். அவள் தன் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சத்தம் வராத அழுகை அது, அதைப் பார்க்க முடியாமல் வெளியே வந்தேன், வந்த பிறகுதான் எனக்கும் அடித்தது, சர்க்கரை தீய்ந்த மாதிரி ஒரு வாடை. கொட்டகைக்கு ஓடி, இரண்டு கட்டுக்கு நடுவில் இடது கையை நுழைத்தேன். இஸ்திரிப் பெட்டியில் வைத்தது போலச் சுட்டது.

மாடுகளை அவிழ்த்து விரட்டினேன். வெல்டரும் அவர் மனைவியும் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஈரப்புல் உள்ளுக்குள் புழுங்கிப் புழுங்கித் தானாகவே பற்றிக்கொள்ளும் என்பதை அந்த அம்மாள்தான் அப்போது சொன்னாள். நடுவில் இருந்த கட்டுகளை இழுத்ததும் புகை கிளம்பியது, ஒன்றைப் பிரித்தால் உள்ளே கரி. என் அழகான மூலைகளெல்லாம் அவிழ மாட்டேன் என்று அடம்பிடித்தன, அரிவாளால் வெட்டி வெட்டி முற்றத்தில் எறிந்தோம். கொட்டகை தப்பியது. புல் தப்பவில்லை, வெந்தது போக மீந்ததும் வெளியே கிடக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது, வரவேண்டிய நாளில் வராத மழை. திரும்பிப் பார்த்தால் அம்மா பின்வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, உதட்டை அசைத்து மாடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்துவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டாள். என் சட்டையில் ஒட்டியிருந்த ஒரு தண்டை எடுத்துப் பல்லில் வைத்து வளைத்துக் காட்டினாள், அது முறியவில்லை, வளைந்தது. முறிந்தால்தான் காய்ந்தது என்று அர்த்தம். இதைச் சொல்லத்தான் அன்றைக்குக் கண்ணாடியைத் தட்டியிருக்கிறாள்.

இடது கை வெந்து கட்டுப் போட்டிருக்கிறது, எழுதும் கைக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. அவளுக்கு இடது, எனக்கு வலது, இரண்டு பேரும் சேர்ந்தால்தான் இப்போது ஒரு சட்டைப் பொத்தானைப் போட முடிகிறது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மறுநாளே மாட்டு வியாபாரி மூக்கு வியர்த்துக்கொண்டு வந்து நின்றார். “புல்லு போச்சாமே, இனி மாட்டுக்கு எதைப் போடுவீங்க” என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாசக் கடைசியில் வாங்க, பார்க்கலாம் என்று சொன்னேன். அம்மா கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து கொட்டகைக்குப் போகவில்லை. மாடு கத்துகிறது, அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். வாக்கரைத் தொடவில்லை. ஊட்டினால் இரண்டு வாய், அவ்வளவுதான்.

கீழ் வயலில் இன்னும் வெட்டாத புல் நிற்கிறது. இந்த வருஷத்துக்கு அதுதான் கடைசி. நாளைக் காலையில் வெல்டர் வெட்டித் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். அது காயக் கிடந்த பிறகு அம்மாவை நாற்காலியோடு தூக்கிப்போய் வயல் ஓரத்தில் உட்கார வைக்கப் போகிறேன், அவள் தண்டை முறித்துப் பார்த்துத் தலையை ஆட்டினால்தான் மிஷினைக் கிளப்புவேன், கயிறு கோர்க்க அவள் கை ஒன்று, என் கை ஒன்று. வருவாளா என்று தெரியாது, கேட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. வெயில் நிற்குமா என்று தெரியாது. அந்த மிஷின் நிற்கும் பக்கம் இப்போது நான் போவதே இல்லை. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன், எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது வாயாடி.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். நான் தைத்து அனுப்பிய கம்பளிக் கோட்டு அழகுக்கு அல்ல, போட்டுக்கொண்டு வெளியே போ. வேலை வேலை என்று ராத்திரியில் பட்டினி கிடக்காதே. நல்லபடியாக, நிறைவாக, நாலு பேர் மெச்ச நீ வாழ வேண்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

ஒன்றே ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது மாட்டை விற்றுவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லாதே. இத்தனை நாள் எப்படியோ பேச்சை மாற்றிவிட்டேன். இன்னும் ஒரு தடவை நீ சொன்னால் நான் சரி என்று சொல்லிவிடுவேன்.

உன் அப்பா